கனால் டு மிடியில் நீங்களே படகோட்ட: முதல்முறை போகிறவர்களுக்கு

தென் பிரான்ஸில் துலூஸிலிருந்து கடலோரத்துத் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளும் கால்வாய்தான் கனால் டு மிடி. லைசென்ஸ் எதுவும் இல்லாமல் ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, கரையோரப் பழைய ஊர்களில் இறங்கிச் சுற்றலாம். கேட்க எளிதாக இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் (நான், மனைவி, மச்சான், மச்சான் மகள்) போய்வந்தோம். விசாவில் ஒரு தடுமாற்றம், நாள் கணக்கில் ஒரு பெரிய தப்பு, முதல் நாளே ஒரு கயிற்று விபத்து என்று எல்லாம் பட்டோம். நீங்கள் அதையெல்லாம் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். படகை ஒரு தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பைப் படகுக்காரர்கள் லாக் என்பார்கள். பிரெஞ்சில் எக்லூஸ். இந்தப் பயணத்தின் நேரம், சண்டை, சந்தோஷம் மூன்றும் லாக்கில்தான் இருக்கின்றன. கீழே அந்தச் சொல் அடிக்கடி வரும்.

1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடிவிடுவார்கள். ஏறக்குறைய மார்ச் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் வாடகைப் படகுகளின் காலம். அதிலும் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். வாடகை உச்சத்தில் இருக்கும், லாக்குக்கு லாக் வரிசை நிற்கும், வெயிலும் நம்மூர் வெயிலுக்குச் சளைத்ததில்லை. புகைப்படங்களில் இரு கரையிலும் பிளேன் மரங்கள் கூரை போட்டாற்போல் நிற்குமே, அதை நம்பித் தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2006-இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டார்கள். புதுக் கன்றுகள் வளர்கின்றன, நிழல்தான் இன்னும் வரவில்லை. பல இடங்களில் மணிக்கணக்காக வெட்டவெளிதான்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். நாங்கள் போனது ஜூன் முதல் வாரம். நான்கைந்து மாதம் முன்பே படகை பிடித்துவிடுங்கள். விசா வேண்டியவர்களுக்கு அந்த இடைவெளி எப்படியும் தேவைப்படும்.

வறட்சி, வெள்ளம், பழுது என்று சில பகுதிகள் திடீரென்று மூடப்படுவதுண்டு. கால்வாயை நிர்வகிக்கும் வி.என்.எஃப் என்ற அரசு அமைப்பு இதற்கான அறிவிப்புகளைத் தன் தளத்தில் போடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தூரத்தைக் கணக்கிடுங்கள், பிறகு அதில் பாதியை வெட்டுங்கள்

எங்கள் பெரிய தப்பு இதுதான். வரைபடத்தைப் பார்த்து, ‘ஒரு வாரத்தில் கார்காசோன், நார்பான், பெஸியே மூன்றையும் முடித்துவிடலாம்’ என்று கோடு போட்டோம். காரில் அது அரை நாள் வேலை. படகில் அப்படியில்லை.

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். ஆகவே சராசரி 6 என்று வையுங்கள். ஒவ்வொரு லாக் தொட்டிக்கும் 15 நிமிடம் சேருங்கள். கவனிக்க: லாக்கை எண்ணக் கூடாது, தொட்டியை எண்ண வேண்டும். வரைபடத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும் இடத்தில் இரண்டு, மூன்று தொட்டிகள் படிக்கட்டுபோல ஒட்டி நிற்கும். காஸ்தெல்நோதரியில் நான்கு.

ஓர் உதாரணம். வாடகைப் படகு கிடைக்கும் ஓம்ப்ஸ் என்ற துறையிலிருந்து கார்காசோன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆறில் வகுத்தால் ஆறே முக்கால் மணி நேரம். வழியில் இருபதை ஒட்டித் தொட்டிகள், அதற்கு 5 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் முடித்துவிடலாமா? முடியாது. லாக்குகள் காலை 9 மணி வாக்கில் திறந்து மாலையில் மூடிவிடும். நடுவில் 12.30 முதல் 1.30 வரை சாப்பாட்டு இடைவேளை. அந்த ஒரு மணி நேரம் யார் வந்து கெஞ்சினாலும் கதவு திறக்காது. மாலை மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். இரவில் வாடகைப் படகை ஓட்டக் கூடாது. ஆக அது இரண்டு முழு நாள், திரும்பிவர இன்னும் இரண்டு.

ஒரு நாளில் நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டமிடாதீர்கள். அதற்கு மேல் போனால் ஊர்களை இறங்கிப் பார்க்க நேரம் இருக்காது. பார்க்கத்தானே போகிறோம்?

3. முதல்முறைக்கு ஏற்ற வழி

அர்ஜான்ஸ் லாக்கிலிருந்து பெஸியேவுக்கு மேலே இருக்கும் ஃபோன்செரான் லாக்குகள் வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக் கூடக் கிடையாது. புதியவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ஓம்ப்ஸில் படகை எடுத்தால் முதலில் ஐந்து தொட்டிகள் இறங்க வேண்டும். அதில் கை பழகிவிடும், அப்புறம் நிம்மதி.

லெ சொமாய்: ஓம்ப்ஸிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். முதுகு வளைந்த ஒரு கல் பாலம், அதை ஒட்டி நாலைந்து பழைய கட்டடங்கள், பழைய புத்தகங்கள் மலைபோல் அடுக்கிய ஒரு கடை. ஒரு மாலைக்குச் சரியான ஊர்.

கபெஸ்தான்: அங்கிருந்து இன்னொரு 20 சொச்சம். தூரத்திலிருந்தே தேவாலயக் கோபுரம் தெரியும். ஊருக்குள் நுழையும் பாலம் மிகத் தாழ்வானது. மேல்தளக் குடை, வெயில் துணி, கண்ணாடி எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி, எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். பாலத்தின் வளைவில் கல் தேய்ந்து பல நிறத்தில் பெயின்ட் கீறல்கள் இருக்கும். எல்லாம் நமக்கு முன்னால் போன ‘பார்த்துக்கொள்ளலாம்’ ஆசாமிகள் வைத்தது.

மல்பா சுரங்கம்: கபெஸ்தானுக்கும் கொலோம்பியேவுக்கும் நடுவே, 165 மீட்டர். ஒரு படகுதான் போக முடியும். நின்று, மறுமுனையில் வெளிச்சத்தை மறைத்து யாராவது வருகிறார்களா என்று பார்த்து, ஹாரன் அடித்துவிட்டு நுழையுங்கள். இந்தக் குன்றின் மேல் ஏறினால் மொந்தாடி தெரியும். நடுக்காலத்தில் தண்ணீரை வடித்து வயலாக்கிய ஏரி அது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து ஆரங்களாகப் பிரியும் வயல்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் படுக்கப்போட்டது போல இருக்கும். சைக்கிள் வாடகைக்கு எடுத்தது இந்த ஒரு காட்சிக்கே தகும்.

கொலோம்பியேவில் படகை நிறுத்திவிட்டு ஃபோன்செரானுக்குச் சைக்கிளில் போங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் படகுகள் படிப்படியாக 21 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது தெரியும். உங்கள் படகோடு உள்ளே போக ஆசைப்பட்டால், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். தவறான நேரத்தில் போனால் பல மணி நேரம் காத்திருப்புதான். அங்கிருந்து பெஸியே நகரமும் குன்றின் மேலிருக்கும் பேராலயமும் பக்கம்.

நேரம் மிஞ்சினால் நார்பான் பக்கம் திரும்பலாம். லெ சொமாயைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு கிளை பிரியும். ஐந்து கிலோமீட்டருக்குள் ஏழு லாக்குகள், பெரும்பாலும் நீங்களே பொத்தானை அழுத்தி இயக்க வேண்டியவை. அப்புறம் கொஞ்ச தூரம் ஓத் ஆற்றைக் கடந்து, ரொபீன் கால்வாய் வழியாக நார்பானின் நடுவுக்கே போய்விடலாம். மேலே வீடுகளும் கடைகளும் கட்டியிருக்கும் பழைய பாலத்தின் அடியில் படகு நுழையும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் இந்த வழியை மூடிவிடுவார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் ஒதுக்காமல் இறங்க வேண்டாம்.

கார்காசோன் கோட்டையைப் பார்க்காமல் வருவதா என்கிறீர்களா? படகைத் திருப்பிக் கொடுத்தபின் ரயிலில் போங்கள். கார்காசோன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கால்வாய், அங்கிருந்து அரை மணி நேர நடையில் கோட்டை. கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை, உள்ளே இருக்கும் அரண்மனைக்கு மட்டும் டிக்கெட். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் கீழ்நகரச் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும்.

4. விசா: படகு ஹோட்டல் இல்லை என்பதுதான் சிக்கல்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா தேவை. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் எடுப்பார்கள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். நேரில் போய் ரேகை கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கோடைக்கு முன்பு பெரும்பாடு. ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைச் சான்று, விமான முன்பதிவு எல்லாம் வழக்கம்போல.

எங்களுக்கு இடித்தது தங்குமிடச் சான்று. படகு வாடகை ரசீதில் மச்சான் பெயர் மட்டும்தான் இருந்தது. ‘மற்ற மூன்று பேரும் எங்கே தங்குகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். படகில் என்றோம். முகவரி கேட்டார்கள். நகரும் படகுக்கு என்ன முகவரி சொல்வது? திரும்பி வந்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, புதிய கடிதம் வாங்கி, இன்னொரு அப்பாயின்ட்மென்ட் பிடிக்க இரண்டு வாரம் போயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது: முன்பதிவு செய்த அன்றே, பயணிக்கும் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, படகில் படுக்கை வசதி உண்டு என்ற வரியோடு, எடுக்கும் துறை, திருப்பிக் கொடுக்கும் துறை இரண்டின் முகவரியும் சேர்த்து ஒரு கடிதம் கேளுங்கள். படகுக்கு முந்தைய இரவு, பிந்தைய இரவு இரண்டுக்கும் ஹோட்டல் பதிவைத் தனியாக வையுங்கள். எந்த நாள் எந்த ஊர் என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலே வைத்தால் கேள்வி பாதியாகக் குறையும்.

5. படகை ஓட்ட என்ன ஆவணம்?

வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நிறுவனமே சிறு பயிற்சி கொடுத்து, வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லும் ஓர் அட்டையைத் தரும். ஓட்டுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தகுதிச் சான்று, வி.என்.எஃப் கட்டண வில்லை என்று வேறு கதை. வாடகைப் படகில் கால்வாய்க் கட்டணம் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும்.

துறைக்குக் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், முன்பதிவுத் தாள், டெபாசிட்டுக்கான கிரெடிட் கார்டு. கார்டு முன்பதிவு செய்தவர் பெயரிலேயே இருக்கட்டும். டெபிட் கார்டை வாங்காத இடங்கள் உண்டு. கார்டின் வெளிநாட்டு வரம்பைக் கிளம்பும் முன்பே உயர்த்தி வையுங்கள்.

6. பணம்

விளம்பரத்தில் தெரியும் வாடகை முழுச் செலவு இல்லை. எங்களுக்கு நான்கு பேர் படகு, ஜூன் முதல் வாரம், 1,700 யூரோ. அதற்கு மேல் டீசலுக்கு 190, சேதக் குறைப்புக் காப்பீட்டுக்கு 210, இரண்டு சைக்கிளுக்கு 90, சுத்தம் செய்யும் கட்டணம் 100. கூட்டிப் பார்த்தால் 2,290. உங்கள் படகுக்கும் மாதத்துக்கும் இது மாறும். ஆனால் வாடகையின் மேல் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது என்பது எங்கும் பொருந்தும்.

டீசலைப் பெரும்பாலும் லிட்டரில் அல்ல, எஞ்சின் ஓடிய மணி நேரத்தில் கணக்கிடுவார்கள். வாங்கும்போதே மணி மீட்டரைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி நிற்கும்போது பேட்டரி ஏற்றுவதற்காக எஞ்சினை ஓடவிட்டால் அதற்கும் காசு.

சேதக் குறைப்புக் காப்பீடு எடுக்கலாமா? எடுத்தால் பெரிய டெபாசிட் தேவையில்லை. புதியவர்கள் எடுப்பது நல்லது. ஆனால் சுக்கான், புரொப்பெல்லர், தொலைந்த பொருள்கள் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரவில் கரையோரம் இரும்பு முளை அடித்துக் கட்டினால் காசில்லை. துறைகளில் நிறுத்தினால் கட்டணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சில இடங்களில் தனி. நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் துறையில் நிறுத்தினோம், தண்ணீர்த் தொட்டி அந்தக் கணக்குக்குச் சரியாக இருந்தது. மரத்தில் மட்டும் கயிற்றைக் கட்டாதீர்கள். பட்டை உரிந்தால் அந்தப் பூஞ்சை அதன் வழியாகத்தான் நுழையும், தடையும் உண்டு.

7. என்ன எடுத்துப் போவது

ரைஸ் குக்கரும் மிக்ஸியும் வேண்டாம். கரையில் மின்சாரம் இணைக்காத வரை பல படகுகளில் சாதாரண பிளக் வேலை செய்யாது. சமையல் கேஸ் அடுப்பில்தான், அதனால் மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஏழு நாளும் சோறு போட்டது அதுதான். கிராமக் கடைகள் மதியம் மூடும், ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை படகை எடுத்தால் அன்றே மூன்று நாளைக்கு வாங்கிவிடுங்கள்.

கயிறு பிடிக்கத் தோட்டக் கையுறை ஒரு ஜோடி, வழுக்காத செருப்பு, டார்ச், தொப்பி. பெட்டி துணிப்பையாக இருக்கட்டும். சக்கரம் வைத்த பெரிய பெட்டிக்குப் படகில் இடமே கிடையாது, எங்கள் பெட்டி ஒன்று ஏழு நாளும் குளியலறையில் குடியிருந்தது.

8. படகை வாங்கும் நாள்

வழக்கமாகச் சனிக்கிழமை பிற்பகல் 4 மணி வாக்கில் தருவார்கள். பத்துப் பதினைந்து படகுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் அவசரத்தில் இருப்பார்கள், உங்களுக்கு விளக்க அரை மணி நேரம்தான். கூச்சப்படாமல் நிறுத்திக் கேளுங்கள்: தண்ணீர் எப்படி நிரப்புவது, கழிவறை எப்படி இயங்குகிறது, கேஸ் எங்கே மூடுவது, எஞ்சின் சூடானால் என்ன செய்வது. விளக்குபவர் அனுமதித்தால் வீடியோ எடுங்கள். இரவு பத்து மணிக்குக் கழிவறைப் பம்பு நின்றபோது எங்களைக் காப்பாற்றியது அந்த வீடியோதான்.

படகைச் சுற்றி ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுங்கள். உயிர்காப்புச் சட்டைகளை அங்கேயே போட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கு அளவு முக்கியம்.

ஓட்டுவது பற்றி ஒன்று. படகுக்குப் பிரேக் இல்லை. நிறுத்த ரிவர்ஸ்தான். சுக்கானைத் திருப்பினால் இரண்டு விநாடி ஒன்றும் நடக்காது, நாம் பதறி இன்னும் திருப்புவோம், அப்புறம் படகு மொத்தமாகத் திரும்பிக் கரையில் முட்டும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, திரும்பத் தொடங்கியதும் நேராக்குங்கள். நியூட்ரலில் சுக்கான் ஏறக்குறைய வேலையே செய்யாது.

9. லாக்குக்குள்

உங்கள் படகை ஓட்ட ஒருவர், முன்கயிற்றுக்கு ஒருவர், பின்கயிற்றுக்கு ஒருவர். இரண்டு பேரால் முடியும், மூன்று பேர் இருந்தால் சண்டை குறையும்.

ஏறும்போது: லாக்குக்குச் சற்று முன்னால் ஒருவரைக் கரையில் இறக்கிவிடுங்கள். உள்ளே போனபின் சுவர் தலைக்கு மேல் நிற்கும், கயிற்றை மேலே எறிந்து பிடிக்க அங்கே ஆள் வேண்டும். தண்ணீர் வேகமாக உள்ளே பாயும், முன்கயிறு தளர்ந்தால் படகு பின்னால் போய்க் கதவில் இடிக்கும். படகு உயர உயரக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள்.

இறங்கும்போது: இது பார்க்க எளிது, ஆபத்து இதில்தான். எங்கள் கதை இது. முதல் லாக்கில் மச்சான் கரையிலிருந்த கட்டுத்தூணில் பின்கயிற்றைச் சுற்றி, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று ஒரு நல்ல முடிச்சும் போட்டார். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. பின்பக்கம் மட்டும் மேலே தொங்க, சமையலறையில் தட்டுகள் சரிய, கயிறு நாண்போல விறைத்துக் கிரீச்சென்றது. லாக் ஊழியர் ஓடிவந்து நீர்க்கதவை மூடி, தண்ணீரை மறுபடி கொஞ்சம் ஏற்றிக் கயிற்றை விடுவித்தார். ஒன்றும் சொல்லவில்லை, மச்சானைப் பார்த்த பார்வை மட்டும் போதுமானதாக இருந்தது.

முடிச்சு கூடவே கூடாது. கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் வைத்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். கையில் சுற்றிக்கொள்வதும் கூடாது. சுவருக்கும் படகுக்கும் நடுவே கையையோ காலையோ விட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள், இடியைத் தாங்கப் பக்கவாட்டில் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன. இந்தக் கால்வாயின் பழைய லாக்குகள் முட்டை வடிவில் நடுவில் அகன்றிருக்கும், அதனால் படகு சுவரோடு ஒட்டி நிற்காது. முன்னும் பின்னும் ஆட்டம் காட்டும், பதற வேண்டாம்.

பச்சை விளக்கோ ஊழியரின் கையசைப்போ வராமல் நுழையாதீர்கள். பயணிகள் கப்பல் வந்தால் அதற்கு முதலிடம், நீங்கள் வரிசையில் முதலில் நின்றாலும். 11.45-க்கு ஒரு மூன்று தொட்டி லாக்கை நெருங்கினால் அவசரப்பட்டுப் பயனில்லை. கரையில் கட்டிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

10. திருப்பிக் கொடுப்பது

காலை 9 மணிக்குள் கொடுக்க வேண்டும் என்றிருக்கும். லாக் திறப்பதும் ஒன்பதுக்குத்தான். அதனால் கடைசி இரவு துறைக்கும் உங்களுக்கும் நடுவில் எந்த லாக்கும் இருக்கக் கூடாது. முந்தைய மாலையே துறைக்கு வந்துவிடுவது உத்தமம். நீங்கள் ஒருவழிப் பயணமாக எடுத்திருந்தால், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப துலூஸ், கார்காசோன், நார்பான், பெஸியே நான்கையும் இணைக்கும் ரயில் இருக்கிறது.

பாத்திரம் எண்ணி, குப்பை இறக்கி, மணி மீட்டரை இன்னொரு புகைப்படம் எடுங்கள். எங்கள் ரசீதில் 31 மணி நேரம் என்று எழுதியிருந்தது. இரண்டு புகைப்படங்களையும் காட்டினோம், 26 என்று திருத்திக் கொடுத்தார்கள். டெபாசிட் பிடித்திருந்தால், விடுவித்ததற்கான தாளை அங்கேயே கேட்டு வாங்குங்கள். வங்கியில் அது திரும்பி ஏற எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.